குறை சொல்லும் வீடுகள்

தரகர் நவநீதகிருஷ்ணனிடமிருந்து போன் வந்தால் இளஞ்செழியன் முதலில் தேடுவது விளக்குமாற்றைத்தான். அந்த மனிதர் என்றைக்கும் முன்கூட்டிச் சொன்னதில்லை. "தம்பி, பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்கக் கெளம்பிட்டாங்க, ரெடியா இருங்க" என்று அவர் சொல்லும்போதே பின்னால் கார் ஹாரன் கேட்கும். செழியன் கோழிக் கொட்டகையிலிருந்து அப்படியே ஓடுவான். வீட்டுப் பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, செத்துக் கிடக்கும் ஈக்களைக் கூட்டித் தள்ளி, சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வருவதற்கும் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

அவனுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். சொந்தக் காடு தோட்டம், வற்றாத போர்க் கிணறு, இன்ஜினியரிங் பட்டம். பீடி சிகரெட் கிடையாது. ஆனாலும் பெண் அமையவில்லை. இந்தப் பக்கத்தில் இது அதிசயமும் இல்லை. ஊருக்கு நாலு பேர் இப்படி மீசைக்கு மை தடவிக்கொண்டு, அடுத்தவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் பெண் பிறந்தது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர்கள்தான் இன்றைக்குப் பெண் கிடைக்கவில்லை என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகின்றன. இதை இங்கே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், மழை எப்போது வரும் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒற்றைப்படையில் வருவார்கள். ஆண்கள் காட்டையும் போரையும் பார்ப்பார்கள். பெண்கள் சமையலறையில் நின்று அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடுவார்கள். காப்பி குடிப்பார்கள், ஆனால் சாப்பிட மாட்டார்கள். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. கிளம்பும்போது அவர்களில் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்பார். செழியன் வீட்டு வாசலில் நின்று அப்படிச் சொன்னவர்கள் அத்தனை பேரும் இன்னமும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் ஏன் வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த 'ஏன்'தான் அவனை அரித்தது. தரகரிடம் கேட்டால் அவர் வாயில் வந்ததைச் சொல்வார். "பாத்ரூம் பழைய மாடலா இருக்குதுன்னு அந்தம்மா மொகத்தைச் சுளிச்சாங்க தம்பி" என்றார் ஒரு தடவை. செழியன் பாத்ரூமை இடித்து, வழவழவென்று டைல்ஸ் ஒட்டி, மேல்நாட்டுப் பீங்கான் வைத்தான். அடுத்து வந்தவர்களுக்கு ஈ தொந்தரவாம். எல்லா ஜன்னலுக்கும் கம்பிவலை அடித்தான். அதற்கடுத்த பெண் வெயில் தாங்க மாட்டாளாம். ஏசி வந்தது. ஒருத்தி ஆன்லைனில் பாடம் எடுக்கிறவள் என்று தனி அறையும் மேஜையும் சுழலும் நாற்காலியும் வந்தன. சமையலறைக்கு கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து இழுப்பறை இழுப்பறையாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா முத்தாயம்மாள் இருந்தவரை, "இதெல்லாம் எதுக்குச் சாமி, வாரவ கொண்டாந்து வெச்சுக்குவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வருகிறவளைப் பார்க்காமலே ஒரு பங்குனியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். புது அடுப்பும் பிரிட்ஜும் மெத்தையும் வந்தது அவள் போன பிறகுதான்.

ஒரு குறையைச் சரி செய்தால் வீடு ஒரு படி உயரும் என்று அவன் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் அவனுடைய விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தயவு செய்து சிரிக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் பழங்காலத்து நகரம் கட்டுகிற விளையாட்டு அது. திருச்செங்கோட்டில் படிக்கும்போது ஹாஸ்டலில் பிடித்த பழக்கம். அம்மா போன பிறகு, பண்ணைக் கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் அதையே மறுபடி போட்டுக்கொண்டான். சுடுவது, துரத்துவது, குதிப்பது எதுவும் அதில் இல்லை. முதலில் ஒரு ஆற்றங்கரை வெறுமனே கிடக்கும். அதில் ஒரு பாதை போட வேண்டும். பாதை ஓரத்தில் மனைக்கு இடம் குறித்தால், எங்கிருந்தோ ஒரு ஆள் தள்ளுவண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் வருவான். கூடாரம் போடுவான். பக்கத்தில் கிணறு வெட்டிக் கொடுத்தால் கூடாரம் மண்வீடாகும். சந்தை வந்தால் ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாகும். கோயில், வைத்தியசாலை, குளிக்கும் மண்டபம் என்று ஒவ்வொன்றாக வர வர, வீடுகள் மாடி வைத்து, திண்ணை வைத்து, தோட்டம் வைத்து எழும்பும். குயவன் பானை வனைவான். களஞ்சியத்துக்குக் கோதுமை மூட்டை போகும். தண்ணீர்க்காரி குடத்தோடு தெருவில் நடப்பாள். முச்சந்தியில் அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று முன்கூட்டி யோசித்துப் பாதை போடாவிட்டால், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். செழியனைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு விஷயம்தான். அந்த நகரத்தில் எந்த வீட்டின் மேல் மவுஸை வைத்து அழுத்தினாலும் அது தன் குறையைச் சொல்லிவிடும். 'எங்களுக்கு எண்ணெய் கிடைப்பதில்லை, கிடைத்தால் இந்த வீடு வளரும்.' 'வைத்தியர் இந்தத் தெருப்பக்கம் வந்தே வெகுநாளாகிறது.' ஊரை விட்டுப் போகிறவன்கூட மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா போக மாட்டான். அவன் மேல் அழுத்தினால், 'இங்கே வேலை இல்லை, அதனால் போகிறேன்' என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போவான். கலந்து பேசிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. குறை தெரிந்தால் தீர்த்துவிடலாம், தீர்த்தால் போனவர்கள் திரும்பி வருவார்கள். இவ்வளவு நாணயமான ஊரை அவன் வேறெங்கும் கண்டதில்லை. அதற்கு அம்மா பேரை வைத்து முத்தாயிபுரம் என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தான்.

விளையாடுகிறவனுக்கு அந்த ஊரில் வீடு கிடையாது. கொல்லிமலை மேலிருந்து சமவெளியைப் பார்க்கிற மாதிரி, உயரத்திலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செழியனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அத்தனை இழைத்து இழைத்துக் கட்டிய அந்த வீட்டில் அவன் குடியிருக்கவில்லை. முட்டை அடுக்கி வைக்கும் அறையை ஒட்டி, தீவன மூட்டை போட்டிருந்த ஒரு சின்ன அறை உண்டு. அம்மா போன கோடையில், கொட்டகை மின்விசிறிகள் அடிக்கடி மக்கர் பண்ணின என்று கட்டிலைத் தூக்கி அங்கே போட்டவன், திரும்பி வரவே இல்லை. வீட்டில் படுத்தால் படுக்கை கசங்கும், சமைத்தால் அடுப்பு கறுக்கும். தரகரோ எந்த நிமிஷமும் போன் செய்வார். எதற்கு வம்பு என்று பூட்டியே வைத்துவிட்டான். ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, கட்டில், கம்ப்யூட்டர். அவன் குடும்பம் அவ்வளவுதான். வருகிறவர்களுக்கு அந்த அறையை மட்டும் அவன் காட்டியதே இல்லை.

தனியாக இருந்து இருந்து அவனுக்கு அலுத்துவிட்டது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. சாப்பிடும்போது எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும், 'உப்பு கம்மியா இருக்குது' என்று யாராவது சொல்ல வேண்டும். அவன் ஆசைப்பட்டது இவ்வளவுதான். அது கிடைக்கவில்லை.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நவநீதகிருஷ்ணன் போன் செய்தார்.

"சங்ககிரிப் பொண்ணுங்க தம்பி. பேரு சுகன்யா. லாரி புக்கிங் ஆபீசுல வேலை. மொதக் கல்யாணம் ஒத்துவரலீங்க, தீத்துட்டு வந்துட்டாங்க. உங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லீங்களே?"

"எனக்கென்னங்க இருக்குது? வரச் சொல்லுங்க."

"வந்துட்டே இருக்கறோமுங்க. நாமக்கல் தாண்டியாச்சு. இதையும் உட்டா அப்புறம் நான் கேரளாப் பக்கம்தான் பொண்ணு பாக்கோணும், பாத்துக்குங்க."

முத்தாயிபுரத்தில் அப்போதுதான் ஒரு புதுத் தெரு போட்டுக்கொண்டிருந்தான். அணைக்கக்கூட நேரமில்லாமல் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

காரிலிருந்து தரகரோடு மூன்று பேர் இறங்கினார்கள். சுகன்யாவின் அண்ணன் தனசேகர், அவர் மனைவி, மூன்றாவதாக ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் சின்னதாகப் பூ, கையில் செல்போன். சொந்தக்காரப் பெண் போல என்று செழியன் நினைத்தான். வீடு பார்க்கிற சடங்குக்குக் கல்யாணப் பெண் வரும் வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது.

"நான்தானுங்க சுகன்யா" என்றாள் அவள். "மொதக் கல்யாணத்தப்ப எல்லாரும் போயி ஊடு பாத்தாங்க, நான் மட்டும் பாக்கலீங்க. அதான் இந்தத் தடவை நானே வந்துட்டேன்."

தனசேகர் சங்கடமாகச் சிரித்தார். செழியனுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. வாங்க வாங்க என்று நாலு தரம் சொல்லிவிட்டான்.

தரகர் வாசல் நிழலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுவிட, செழியனே வீட்டைச் சுற்றிக் காட்டினான். அங்கேதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். வேறு யாராவது செய்வார்களா என்று தெரியவில்லை. ஆனால் அவன் பொய் பேசிப் பழகாதவன், அதோடு தன் உழைப்பின் மேல் அவனுக்குப் பெருமையும் இருந்தது.

"இந்த ஏசி நல்லாருக்குதே" என்றார் தனசேகரின் மனைவி.

"ஆமாங்க. பரமத்திக்காரங்க வந்தப்ப, பொண்ணு வெயில் தாங்காதுன்னாங்க. அதுக்காகப் போட்டதுங்க."

"இந்த ரூம்பு?"

"அது திருச்செங்கோட்டுப் பொண்ணுக்குங்க. ஆன்லைன்ல பாடம் எடுக்கறவங்க. சேர்கூடச் சுத்துமுங்க, பாருங்க." சுற்றியும் காட்டினான்.

"லைட்டெல்லாம் வெச்சு டிரெஸ்ஸிங் டேபிள்..."

"எடப்பாடிங்க. கண்ணாடி சின்னதா இருக்குதுன்னு அவங்க சித்தி சொன்னாங்களாம்."

அறைக்கு அறை இப்படியே போனது. மாடி ஊஞ்சல் ராசிபுரத்துக்காக, வாஷிங் மெஷின் மோகனூருக்காக. எதையும் விட்டுவைக்கவில்லை அவன். அண்ணிக்காரியின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை. சுகன்யா பேசாமல் பின்னால் வந்தாள். படுக்கையறையில் கட்டிலருகே நின்று மெத்தையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். மெத்தை மேல் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. விரல் பட்ட இடம் மொரமொரவென்றது.

"கொஞ்சம் தண்ணி குடிக்கலாங்களா?" என்று கேட்டாள்.

சமையலறையில் பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, கரண்ட்கூட இல்லை. புதுப் பிளாஸ்டிக் வாசனை மட்டும் வந்தது. கதவில் கம்பெனி ஸ்டிக்கர் ஓரம்கூடக் கிழியாமல் ஒட்டியிருந்தது. செழியன் பதறிப்போய், "இருங்க, இதோ கொண்டு வாரேன்" என்று பின்வாசல் வழியாகப் பண்ணைப் பக்கம் ஓடினான். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பினால், அவள் பின்னாலேயே வந்து அவனுடைய சின்ன அறையின் வாசலில் நின்றிருந்தாள்.

பக்கத்து முட்டை அறையில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த செல்லியம்மாள் எட்டிப் பார்த்தாள். பண்ணையில் நெடுநாளாக முட்டை பொறுக்குகிறவள், கள்ளம் கபடம் தெரியாதவள். "வாங்க கண்ணு. இதுதானுங்க எங்க சாமி இருக்கற எடம்" என்று சொல்லியும்விட்டாள்.

செழியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கயிற்றில் லுங்கி தொங்கியது. காலையில் தின்ற தட்டு கழுவாமல் கிடந்தது. "இது சும்மா, வேலை நேரத்துல... தங்கறதுக்குங்க" என்று இழுத்தான். சுகன்யா அதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் முத்தாயிபுரம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்க்காரி முச்சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இது என்னதுங்க?"

அவ்வளவு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. செழியன் முதலில் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். அப்புறம் தான் மாப்பிள்ளை என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. கிணறு, சந்தை, களஞ்சியம் என்று விரலை வைத்துக் காட்டினான். தள்ளுவண்டிக்காரர்கள் வருகிற பாதையைக் காட்டினான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு மவுஸை வாங்கி ஒரு வீட்டின் மேல் அழுத்தினாள். எங்களுக்கு எண்ணெய் வேண்டும் என்றது வீடு.

அவள் சிரித்துவிட்டாள். "பரவால்லீங்களே, கேட்ட ஒடனே சொல்லிருது! எங்க டிரைவருங்ககிட்ட நாள் பூரா எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு கத்தோணும். சேலத்துல நின்னுட்டு ஓசூர் தாண்டிட்டேங்கறாங்க."

"ஜிபிஎஸ் இருக்குமுங்களே?"

"வண்டி எங்க இருக்குதுன்னு அது சொல்லுமுங்க. ஆளு எங்க இருக்கறாருன்னு சொல்லாது."

செழியனும் சிரித்தான். அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. இவள் வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது.

"இதுல நீங்க எங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"நானா? நான் இதுல இல்லீங்களே."

"இவ்வளவு ஊட்டுல ஒண்ணுகூட உங்களுதில்லையா?"

"இல்லீங்க. இது அப்படித்தானுங்க. மேல இருந்து பாத்துக்கறதுதான் நம்ம வேலை."

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மவுஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே தனசேகர் கூப்பிடுவது கேட்டது.

சின்ன அறை ஸ்டவ்வில் போட்ட காப்பியைக் குடித்தார்கள். செல்லியம்மாள் அதிலேயே முட்டைக் குழம்பும் வைத்திருந்தாள், அதை யாரும் தொடவில்லை. அது முறைதான், செழியனும் வற்புறுத்தவில்லை. தனசேகர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றார்.

எத்தனையோ தடவை தலையாட்டி அனுப்பிய வார்த்தைதான். அன்றைக்கு அவனால் தலையாட்ட முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த சுகன்யாவைப் பார்த்துச் சொன்னான்.

"வேண்டாம்னாலும் பரவால்லீங்க. ஏன்னு மட்டும் சொல்லிருங்க."

தரகர் தொண்டையைச் செருமினார். தனசேகர் தரையைப் பார்த்தார். பெண்ணிடம் நேராக இப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று செழியனுக்கும் தெரியும்.

"சொல்றேனுங்க" என்றாள் சுகன்யா.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் செழியன் கம்ப்யூட்டர் பக்கம் அதிகம் போகவில்லை. போனாலும் புதிதாக ஒன்றும் கட்டவில்லை. கோழிகளுக்குத் தீவனம் போகும்போதும், முட்டை லாரி ஏற்றும்போதும் போன் சட்டைப் பையிலேயே இருந்தது. குளிக்கப் போனால் செல்லியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். லாரிப் புகையில் இருந்து பழகியவளுக்குக் கோழி நாற்றம் பெரிதாகத் தெரியாது என்று ஒரு கணக்குப் போட்டான். சிரித்தாளே என்று இன்னொரு கணக்கு. பிரிட்ஜில் தண்ணீர் இல்லாமல் போனதுதான் குறை என்று முடிவு செய்து, வீட்டைத் திறந்து, அதில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி, ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறுபடி பூட்டினான்.

போன் வந்தது ஒரு முற்பகலில். கொட்டகை நடுவே முட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"சுகன்யா பேசறேனுங்க. சங்ககிரி."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"வேண்டாமுங்க" என்றாள்.

இரண்டு பக்கமும் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. செழியன் வண்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன்னு கேட்டிருந்தீங்க. சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"நாத்தம், ஈ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்களும் நல்லவரா இருக்கறீங்க. உங்க ஊட்டைப் பாத்துத்தான் எனக்குப் பயமா போச்சு."

"பயமா? ஏனுங்க, அதுல எல்லாமே..."

"எல்லாமே இருக்குதுங்க. மெத்தையில பிளாஸ்டிக்கைப் பிரிக்கலை. பிரிட்ஜுல ஸ்டிக்கரைப் பிரிக்கலை. அடுப்பை ஒருவாட்டிகூட பத்த வெச்சதில்லை. ஒவ்வொரு ரூம்புக்கும் வேண்டாம்னு போன ஒரு பொண்ணைச் சொன்னீங்க. நான் ஒரு ஊட்டுல ரெண்டு வருசம் விருந்தாளி மாதிரி இருந்துட்டு வந்தவங்க. அந்த ஊட்டுல எது எங்க இருக்கோணும்னு நான் போறதுக்கு முன்னாடியே முடிவாயிருந்துச்சு. மறுக்கா அப்படி ஒரு எடத்துக்கு என்னால வர முடியாதுங்க. உங்க ஊட்டுல நீங்களே இல்லீங்களே. நான் அங்க வந்து யாருகூட இருக்கறது?"

செழியனுக்கு அவசரம் வந்துவிட்டது. குறை தெரிந்துவிட்டதல்லவா? "அவ்வளவுதானுங்களா? நான் இன்னிக்கே அங்க மாறிக்கறேனுங்க. சாயங்காலமே கட்டிலை..."

"எனக்காக மாறாதீங்க" என்றாள் சுகன்யா. குரலில் கோபம் இல்லை. "அதுவும் பரமத்திக்காரங்களுக்கு ஏசி வாங்குன மாதிரி ஆயிருமுங்க."

செழியன் வண்டியில் சாய்ந்திருந்த ஒரு முட்டை அட்டையை நேராக்கி வைத்தான்.

"தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க. நீங்க கேட்டதால சொன்னேன். வெச்சிரட்டுங்களா?"

"தப்பில்லீங்க" என்றான். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க."

வண்டியில் இருந்த முட்டைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு அறைக்குள் போனான். வலித்தது. இத்தனை பேர் சொல்லாமல் போனபோதெல்லாம், சொன்னால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். சொன்னதும் அதைவிட அதிகமாகத்தான் வலித்தது. கம்ப்யூட்டரைப் போட்டான். முத்தாயிபுரம் ஓடு வேய்ந்த கூரைகளோடு எழும்பி வந்தது. ஒரு வீட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனான், அழுத்தவில்லை. பாதையில் ஒரு தள்ளுவண்டிக்காரன் புதிதாக வந்துகொண்டிருந்தான். அவன் வீடு போய்ச் சேரும்வரை பார்த்திருந்துவிட்டு அணைத்தான்.

பிறகு கேஸ் சிலிண்டரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கோயம்புத்தூர்க்காரர்கள் செய்த சமையலறையில் அதை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்தான். கையோடு கொண்டுவந்த பழைய பாத்திரத்தில் டீக்குப் பால் வைத்துவிட்டு, படுக்கையறைக்குப் போய் மெத்தை உறையை இழுத்தான். லேசில் கிழியவில்லை. பல்லால் கடித்து ஒரு ஓரத்தைப் பிய்த்து, அங்கிருந்து சர்ரென்று கிழித்தான். அதற்குள் பால் பொங்கி, புது அடுப்பெல்லாம் வழிந்து, கருகின வாடை வந்தது. ஓடிப்போய் அணைத்தான். துடைக்கத் துணி தேடினான். அந்த வீட்டில் ஒரு கரித்துணிகூட இல்லை.

வழிந்தது போக மீதியில் டீ போட்டுக் குடித்தான். வெறும் மெத்தையில் படுத்தான். வீடு மிகப் பெரியதாக இருந்தது. கொட்டகைச் சத்தம் இங்கே தூரத்தில் கேட்டது, அதைவிட்டால் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம். சின்ன அறையில் இருந்தவரைக்கும் தனியாக இருப்பது கொஞ்ச நாளைக்குத்தான் என்று ஒரு நினைப்பு இருந்தது. திரையில் ஊரே நடமாடும், பொழுது போய்விடும். இங்கே ஜன்னல் வழியாகக் கொல்லிமலை தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. இதுதான் தன் வீடு, இதில் இருப்பது தான் ஒருவன்தான் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அழுகை வந்தது. பார்க்க யாருமில்லாததால் சத்தமாகவே அழுதான்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ தெரியாது. பண்ணைப் பக்கத்தில் செல்லியம்மாள் கூப்பிடுவது கேட்டது. தீவன குடோன் சாவி அவன் பையில் இருந்தது.

"சாமி! ஏஞ்சாமி, எங்க போயிட்டீங்க?"

சின்ன அறைக் கதவைத் தட்டினாள். கொட்டகைக்குள் ஒரு நடை போனாள். போர்ப் பக்கம் போய்க் கூப்பிட்டாள். வீட்டுப் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. செழியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான்.

"அக்கா, இங்கிருக்கறேன்."

"எங்க சாமி?"

"ஊட்டுல."

செல்லியம்மாள் நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவையும் ஜன்னலையும் கண்டதும் அவசரமாக முந்தானையை இழுத்துச் செருகி, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஊட்டுலயா? யாராச்சும் வந்திருக்கறாங்களா சாமி? காப்பி வெக்கட்டுமா?"

"யாரும் வரலக்கா" என்றான் செழியன். "நான்தான் இருக்கறேன்."